சம்பந்தியின் பையில் ஒன்றுமே இல்லை

விமானத்தில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பை வைக்கிற பெட்டி மூடியிருந்தது. தலையைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்த சொட்டு விழுந்தது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி மேகம் பார்த்தேன். அத்தனை அக்கறையாக மேகத்தை நான் பார்த்ததே கிடையாது. உப்பளத்துக்காரி மேகத்தைப் பார்ப்பது திட்டுவதற்காகத்தான்.

அவர் திரும்பி, "என்னங்க, மேல இருந்து தண்ணி வருது?" என்று கேட்டார்.

"ஏசி தண்ணிங்க. எங்க ஊரு பக்கம் ஏசி பஸ்லயும் இப்படித்தான் ஊத்தும்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். நம்பாத ஆள் ஒருத்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் சம்பந்தி தனபாக்கியம். என் மகள் சுமதியின் மாமியார், வானூர்க்காரி. அவள் கையை நீட்டி, முன் சீட்டின் முதுகில் தெறித்திருந்த ஒரு துளியை விரலால் தொட்டாள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி, இந்த ஏசி தண்ணி கரிக்குதுங்களே. கரிச்சிட்டு கடைசில கசக்குதுங்க."

"ஒசரத்துல போனா எல்லாம் அப்படித்தான் இருக்கும்."

"ஓ" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் மூடவில்லை, ஒரு ஓரமாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் மடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று, அதுவும் பாதிக்கு மேல் காலியாய், குட்டி பால் குடித்து முடித்த பிறகு ஆட்டு மடி தொங்குமே, அப்படித் தொங்கிக்கொண்டிருந்தது.

புனே வரைக்கும் போகிறவள். ஒரு மாதம் தங்கப் போகிறவள். பை அவ்வளவுதான்.

சொட்டிக்கொண்டிருந்த பை என்னுடையது. அது ஏன் சொட்டியது என்று சொல்ல வேண்டுமானால், என் வயிறு எப்போதிலிருந்து எரிகிறது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஏழு மூட்டைக்காரி

சுமதிக்குக் குழந்தை பிறந்து புனேவுக்குப் போன பிறகு, நான் அங்கே முதல் தடவை ரயிலில் போனேன். என்னோடு ஏழு மூட்டை வந்தது.

கருவாடு ஒரு மூட்டை. இடித்த மாவு ஒரு மூட்டை. முறுக்கு டின். விறகு மாதிரிக் கட்டிய முருங்கைக்காய். பழம்புடவை ஒரு மூட்டை, குழந்தைக்குத் தூளி கட்ட. புளி. ஏழாவதில் என்ன இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது, ஆனால் அதுதான் எல்லாவற்றையும் விடக் கனம். அம்மிக் குழவியாக இருக்கலாம். சுமதி வீட்டில் அம்மி இருக்கிறது, குழவி உடைந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஸ்டேஷனுக்கு வந்த மாப்பிள்ளை குமரன் மூட்டைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "வேற யாராவது வந்திருக்காங்களா அத்த?" என்றார்.

அவர்கள் இருந்தது நாலாவது மாடி. கருவாட்டு மூட்டை லிஃப்டில் ஒரு தடவைதான் ஏறியது. வாசனை மூன்று நாள் ஏறி இறங்கியது. இரண்டாம் மாடிக்காரர்கள் படியில் நடக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் உடம்புக்கு நல்லதுதான் செய்தேன், யாரும் நன்றி சொல்லவில்லை.

நான் போய் ரெண்டாம் நாள் சம்பந்தி வந்து இறங்கினாள். தோளில் அதே போல ஒரு பை. அவ்வளவுதான். பக்கத்துத் தெருவுக்குப் பூ வாங்கப் போனவள் திரும்பி வருகிற மாதிரி வந்தாள். வந்தவுடன் கைகால் கழுவிக்கொண்டு குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் அப்போது முறுக்கு டின்னின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா எப்பவுமே இப்படித்தான் அத்த. லைட்டா வருவாங்க, லைட்டா போவாங்க" என்றார் மாப்பிள்ளை.

அவர் குத்திச் சொல்லவில்லை. மாப்பிள்ளை நல்ல மனுஷன். ஆனால் குத்திச் சொல்லாத வார்த்தைதான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஊருக்குத் திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், "அந்த அம்மாவப் பாத்து கத்துக்கமே. நீ பொண்ணு வீட்டுக்குப் போனியா, வெள்ளத்துக்கு வீடு காலி பண்ணினியா?" என்றார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் உப்பு போடவில்லை. உப்பளத்துக்காரன் வீட்டில் உப்பில்லாத குழம்பு. மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

வெறும் ஆயா, ஊர்ப் பேரோடு ஆயா

சம்பந்தி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். பின்னால் இழுக்கிறதற்கு மாடு இல்லை, மனுஷன் இல்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை புனே போவாள். போனால் ஒரு மாதம், சமயத்தில் ரெண்டு மாதம்.

எனக்கு அப்படியா? தை பிறந்தால் பாத்தி மிதிக்க வேண்டும். வெயில் ஏற ஏற உப்பு வார வேண்டும். வாரியதை மழை வருவதற்குள் அம்பாரம் போட்டு மூட வேண்டும். மழைக்காலத்தில்தான் எங்களுக்கு ஓய்வு, அப்போது முட்டியளவு தண்ணீரில் வீட்டைக் காவல் காக்க வேண்டும். நடுவில் நாலு நாள் கிடைத்தால் புனே. மூன்றாம் நாளே வீட்டுக்காரர் போனில், "மேற்கால கருக்குது, எப்ப வர்ற?" என்பார்.

பேத்தி கயல் பேச ஆரம்பித்தாள். சம்பந்தியை ஆயா என்று கூப்பிட்டாள். என்னை மரக்காணம் ஆயா என்று கூப்பிட்டாள்.

கேட்பவர்களுக்கு இது ஒன்றும் இல்லாத விஷயம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருத்தி ஆயா. இன்னொருத்தி ஊர்ப் பேரோடு ஆயா. பஸ்ஸுக்குத்தான் ஊர்ப் பேர் போர்டு வேண்டும். வீட்டு ஆளுக்கு எதற்கு?

ஒரு தடவை வீடியோ காலில், "கயலு, நான் யாரு?" என்று கேட்டேன்.

"மரக்காணம் ஆயா."

"சும்மா ஆயான்னு சொல்லு பாக்கலாம்."

குழந்தை யோசித்தது. "ஆயா குளிக்கப் போயிருக்காங்களே" என்றது.

போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். மாடு அப்போதுதான் குடித்திருந்தது. பரவாயில்லை, இன்னொரு தடவை குடித்தது.

ரெண்டு புடவை போதும்

இந்த ஆவணியில் சுமதி சொந்தமாக ஃப்ளாட் வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். மாப்பிள்ளை எனக்கும் சம்பந்திக்கும் ஒன்றாக விமான டிக்கெட் போட்டார். "கையில எடுத்துட்டுப் போற பை மட்டும்தான் அத்த. ஏழு கிலோ" என்றார். ஏழு மூட்டை அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியும், ஆனால் அம்பாரத்தை விட்டுவிட்டு வர மனசு முடியாது. நான் மட்டும் கிளம்பினேன்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். ஏழு கிலோவா? நான் ஐந்தில் போகிறேன். இந்தத் தடவை மாப்பிள்ளை, "எங்கம்மாவ விட எங்க அத்த லைட்டு" என்று சொல்ல வேண்டும்.

கட்டிக்கொண்டு போகிற புடவை ஒன்று. பையில் ரெண்டு. ஒன்று விசேஷத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. ரவிக்கை, பாவாடை, ஒரு துண்டு, பிரஷ், மாத்திரை. அவ்வளவுதான். முறுக்கு இல்லை. கருவாடு இல்லை. என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, சண்ட கிண்ட போட்டுக்கினு போறியா?" என்று கேட்டார்.

ஆனால் உப்பை விட முடியாது. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது உப்பும் மஞ்சளும் நிறைகுடமும். உப்பளத்தில் பிறந்து வளர்ந்த பெண், சொந்த வீட்டுக்குள் கடை உப்புப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டா நுழைவாள்? உப்பு என் பாத்தியிலிருந்துதான் போக வேண்டும். வானூரில் நெல் விளையலாம், மல்லாட்டைக் கடலை விளையலாம். உப்பு விளையாது. இந்த ஒரு விஷயத்தில் சம்பந்தியால் என்னை ஜெயிக்க முடியாது.

தப்பு இங்கேதான் நடந்தது.

அம்பாரத்தில் பழைய உப்பு இருந்தது. காய்ந்த உப்பு, கல் கல்லாய். ஆனால் முந்தின வாரம் பெய்த மழையில் மேலே அழுக்கேறிப் பழுப்பாய்க் கிடந்தது. மழைக்கு அப்புறம் புதுசாகக் கட்டின பாத்தியில், கிளம்புகிற அன்று காலையில்தான் உப்பு இறங்கியிருந்தது. வெயிலில் பார்த்தால் கண் கூசும். அவ்வளவு வெள்ளை. எனக்குக் கை நிற்கவில்லை. மூன்று கிலோ வாரி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே இன்னொரு கவர் போட்டுக் கட்டிப் பையின் நடுவில் வைத்தேன்.

புது உப்பை வாரினால் வரப்பில் குவித்து நாலைந்து நாள் விட வேண்டும். உள்ளே இருக்கிற கசப்புத் தண்ணீர் வடிந்தால்தான் அது உப்பு. வடியாததைக் கட்டி வைத்தால் அழுதுகொண்டே இருக்கும். இது எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணில் இருந்தது உப்பின் வெள்ளையும் சம்பந்தியின் மூஞ்சியும்தான்.

சென்னை ஏர்போர்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். காக்கி போட்ட பெண் ஒருத்தி.

"என்னம்மா இது?"

"உப்பு."

"போற ஊர்ல உப்பு கிடைக்காதா?"

"கிடைக்கும். அது அவங்க ஊரு உப்பு."

அவள் கவரை அமுக்கிப் பார்த்தாள். "ஈரமா இருக்கே?"

"சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்மா" என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பின்னால் சம்பந்தி நின்றாள். அவள் எதிரில் உப்பைத் தூக்கிப் போட என்னால் முடியுமா?

இப்போது அந்த வழுக்கைத் தலைக்காரர் மேல் சொட்டியது எதுவென்று தெரிந்திருக்கும். அவர் இறங்குகிற வரைக்கும் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். ஏசியைத்தான் திட்டினார்.

பீரோவின் நடுத்தட்டு

புனேயில் மழை. சுமதி அப்போது வாடகை வீட்டில்தான் இருந்தாள். மறுநாள் காலையில் புது வீட்டில் பால் காய்ச்சுவது. வீட்டுக்குள் போனதும் பையைப் பிரித்தேன்.

கவர் ரெண்டும் ஓரத்தில் கிழிந்திருந்தன. உப்பில் பாதி, தண்ணீராகிப் புடவைகளுக்குள் குடிபோயிருந்தது. அந்தத் தண்ணீர் துணியில் ஏறினால் சாதாரணமாகக் காயாது. மழை ஈரத்தில் இன்னும் பிசுபிசுவென்று ஒட்டும். கட்டினால் உடம்பெல்லாம் அரிக்கும். விசேஷத்துக்கென்று வைத்திருந்த அரக்குப் பட்டு, ஊறின கருவாடு மாதிரி இருந்தது. கட்டிவந்த புடவையும் ஆட்டோவில் மழைச் சாரலில் நனைந்துவிட்டது.

சுமதி வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது? வடியாத உப்ப யாராவது பையில கட்டுவாங்களா? நீயா இப்படி?"

"கவரு சரியில்லடி."

"சரி வுடு. அத்த புடவை இருக்குது, எடுத்துக் கட்டிக்கோ."

"அவங்க பையில ஒண்ணுமே இல்லியே. நான்தான் பாத்தேனே."

"பையில எதுக்கு இருக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே சுமதி சின்ன அறைக்குள் போய் பீரோவைத் திறந்தாள்.

நடுத்தட்டு முழுக்கச் சம்பந்தி.

மடித்த புடவை ஆறு. ரவிக்கைகள் தனியாக. துண்டு ரெண்டு. பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று பெட்டியோடு. சீப்பு. பவுடர் டப்பா. வெற்றிலைக்கு ஒரு குட்டி டப்பா. ஒரு தலையணை, அவள் கையாலேயே தைத்த உறையோடு. அப்புறம் பார்த்தேன், குளியலறை டம்ளரில் நாலு பிரஷ் நின்றன. வீட்டில் மூன்று பேர்தான்.

கயல் பிறந்ததிலிருந்து எட்டு வருஷமாய் நான் எரிந்தது ஒரு காலிப் பையைப் பார்த்து. சாமர்த்தியம் என்று நினைத்தேன், சிக்கனம் என்று நினைத்தேன். அவள் எதையும் தூக்கிக்கொண்டு வராததற்குக் காரணம், அவளுடையது எல்லாம் இங்கேயே இருக்கிறது. தன் வீட்டுக்குப் போகிறவள் பையைக் கட்டிக்கொண்டா போவாள்?

"இதெல்லாம் எப்பலேர்ந்து இங்க இருக்குது?" என்றேன்.

"எப்பலேர்ந்தோ. ஒவ்வொண்ணா தங்கிப்போச்சு. வர்றப்பல்லாம் எதுக்குத் தூக்கிக்கினு அலையணும், இருக்கட்டும் அத்தன்னு நான்தான் சொன்னேன்."

"எனக்கு ஒரு தட்டு குடுக்கணும்னு தோணலியா உனக்கு?"

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. சுமதி திரும்பிப் பார்த்தாள்.

"நீ எங்கம்மா இருக்கிற? வந்த மூணாம் நாளே மேற்கால கருக்குதுன்னு ஓடுற. தட்டுல நான் உப்பையா வெக்கறது?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் வாய்க்கு பதில் இல்லாமல் போனது அபூர்வம், என் வீட்டுக்காரர் அங்கே இருந்திருந்தால் நாளைக் குறித்து வைத்திருப்பார்.

மறுநாள் சம்பந்தியின் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் என் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் நின்றேன். மிஞ்சின உப்பைச் சம்பந்தியே ராத்திரிச் சமையலுக்கு முன்னால் பேப்பரில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் வைத்திருந்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? உப்பு உள்ளே போனது, நிறைகுடம் போனது, பால் பொங்கியது. கயல் ஓடி வந்து என் புடவையில் முகத்தைப் புதைத்தாள். எனக்கு உயிர் வந்தது. அவள் புடவையை மோந்து பார்த்தாள்.

"ஆயா வாசனை" என்றாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "ஓ, மரக்காணம் ஆயாவா?" என்றாள்.

இருந்தாலும் கொஞ்ச நேரம் விலகாமல் ஒட்டிக்கொண்டு நின்றாள். புடவைக்காகத்தான். எனக்குத் தெரியும். தெரிந்தே அணைத்துக்கொண்டேன்.

மறந்துபோன புடவைகள்

அடுத்த ரெண்டு நாளும் சாமான் மாற்றினோம். பீரோத் துணியைப் புது வீட்டு அலமாரியில் அடுக்குகிற வேலையை சுமதி என்னிடம் கொடுத்தாள். சம்பந்தியின் ஆறு புடவையையும் என் கையாலேயே சுமந்து போய் என் கையாலேயே அடுக்கினேன். அந்த வேலை எப்படி இருந்தது என்று எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போட மாட்டார்கள்.

சின்ன அறை அலமாரியில் மூன்று தட்டு. கீழே போர்வைகள். நடுவில் சம்பந்தி. மேல்தட்டில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐந்தாம் நாள் எனக்குத் திரும்பிப் போகிற டிக்கெட். மேற்கால கருத்துவிட்டது என்று போன் வந்தாயிற்று. உப்பூறிய புடவைகளை நாலு தண்ணீரில் அலசிக் காயப் போட்டிருந்தேன். மகள் வைத்துக் கொடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். வீட்டில் யாரும் பார்க்காத நேரம், பழைய ரெண்டு புடவையையும் மடித்து மேல்தட்டில் வைத்தேன். துண்டை வைத்தேன். பிரஷ்ஷை டம்ளரில் ஐந்தாவதாக நிற்க வைத்தேன்.

கட்டிவந்த புடவை மட்டும் உள்ளே கிடக்க, பை காலியாய்த் தொங்கியது. சுமதி பார்த்தால் கேட்பாள். மூலையில் கிடந்த பழைய பேப்பர் கட்டை எடுத்துக் கசக்கி உள்ளே திணித்தேன். பை நன்றாக உப்பிக்கொண்டது. புனே ஏர்போர்ட்டில் ஒரு பெண் பையைத் திறந்து பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டாள். நான் சிரித்தேன். அவள் இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளுக்கும் சிரித்தேன். விட்டுவிட்டார்கள்.

வீடு வந்த மறுநாளே சுமதி போன் செய்தாள்.

"ம்மா, புடவை ரெண்டு, துண்டு எல்லாத்தையும் மேல் தட்டுலயே வுட்டுட்டுப் போயிட்ட."

"அப்படியா? வயசாயிடுச்சில்ல. இருக்கட்டும் வுடு."

"இருக்கட்டும்னா? அது உன்னோட நல்ல பட்டாச்சே. அத்த அடுத்த மாசம் கிளம்பறப்ப குடுத்தனுப்பறேன். பிரஷ்ஷ தூக்கிப் போட்டுட்டேன், அங்க புதுசு வாங்கிக்கோ."

போனை வைத்துவிட்டேன். பட்டுப்புடவை போய்விட்டது என்றால்கூட அவ்வளவு இருந்திருக்காது. பிரஷ்ஷை அல்லவா அவள் தூக்கிப் போட்டாள்!

பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "மறதியாமே உனக்கு?" என்றார். "கல்யாணமான வருஷம் நான் ஒடச்ச சிம்னி விளக்க இன்னும் மாசத்துக்கு ஒருவாட்டி சொல்ற. உனக்கு மறதியா?"

நான் எழுந்து மறுபடி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. முப்பது நாற்பது வருஷம் கூட இருந்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கொஞ்சம் தெரிந்துவிடுகிறது.

அளத்துக்கு வந்த சம்பந்தி

புரட்டாசி முடிகிற சமயம். அம்பாரத்துக்குக் கீற்று போட்டு மூடிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். ரோட்டில் பஸ் நின்றது. வரப்பு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. தோளில் பை. இந்தத் தடவை பை புடைத்திருந்தது.

என் புடவைகள் வருகின்றன என்று நினைத்தேன். அந்த வரப்பில் அவள் எட்டு வைக்க எட்டு வைக்க, மேல்தட்டு காலியாகிக்கொண்டே வந்தது.

"வீட்ல கேட்டேன், அளத்துல இருக்கிறீங்கன்னாங்க" என்று சொல்லிக்கொண்டு சம்பந்தி கீற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அவள் பையில் கை விட்டாள். பேடா டப்பா ஒன்று. கயல் வரைந்த படம் ஒன்று, உப்பளம் என்று சொன்னாள், எனக்குப் பள்ளிக்கூடம் மாதிரி தெரிந்தது. எனக்கு ஒரு ஸ்வெட்டர். பை தளர்ந்துவிட்டது. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அவ்ளோதானுங்களா?" என்றேன்.

"வேற இன்னா?"

"சுமதி ரெண்டு புடவை குடுத்தனுப்பறேன்னு சொன்னா."

"குடுத்தா. பையில போட்டுக்கினேன். கிளம்புற அன்னிக்குக் காலையில எடுத்து மறுபடியும் மேல் தட்டுலயே வெச்சிட்டேன். அவகிட்ட சொல்லல."

நான் கையிலிருந்த கீற்றைக் கீழே வைத்தேன். "ஏன்?"

"நீங்க மறக்கிற ஆளுங்களா சம்பந்தி? டீ குடிச்சா டம்ளரோட அடியில ஒட்டிக்கினு இருக்கிற சக்கரையக்கூட வுட்டுட்டுப் போமாட்டீங்க. நீங்க பட்டுப்புடவைய மறப்பீங்களா?" குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அதுல பேப்பர் கட்டு வேற காணோம். எம்புள்ள ரெண்டு நாளு தேடினான்."

எனக்குக் காது சூடானது. வெயில்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அவள் அம்பாரத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். "நான் மொத வாட்டி மறந்தது ஒரு உள்பாவாடை. புடவைய மறந்தா சந்தேகப்படுவாங்கன்னு."

நான் அவளைப் பார்த்தேன்.

"அடுத்த வாட்டி பழைய கண்ணாடி. அப்புறம் சீப்பு. ஒவ்வொண்ணாத்தான் மறக்கணும் சம்பந்தி. நீங்க ஒரே நாள்ல ரெண்டு புடவை, துண்டு, பிரஷ்ஷுன்னு மறந்தா யாரு நம்புவா?"

"உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்? அது உங்க புள்ள வீடு."

"புள்ள வீடுதான். மருமவ சமையக்கட்டு. அங்க நம்முளுதுன்னு ஒண்ணு கிடந்தாதான் கூப்புடாமயே போறதுக்கு ஒரு தைரியம் வருது."

நியாயமாய் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். நல்ல மனசுக்காரி யாராக இருந்தாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு வயிறுதான் எரிந்தது. ஆயுளில் நானாக யோசித்துச் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம், அதையும் இவள் எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே, அதுவும் ஒரு பாவாடையில் ஆரம்பித்து, ஒருத்தருக்கும் தெரியாமல் செய்து முடித்திருக்கிறாள்.

ஆனாலும் மேல்தட்டில் என் புடவை இருக்கிறது. எரிச்சலோடு எரிச்சலாக அதையும் நினைத்துக்கொண்டேன்.

"வாங்க, வீட்டுக்குப் போயி சாப்புடலாம்" என்றேன். நாலு எட்டு நடந்த பிறகு, திரும்பாமலேயே கேட்டேன். "அடுத்த வாட்டி எத மறக்கறது?"

சம்பந்தி யோசித்தாள். "பழைய ரவிக்கை ஒண்ணு. கொக்கி போனதா இருக்கணும். தெச்சிக் குடுக்கணும்னு உங்க பொண்ணே எடுத்து உள்ள வெச்சிடுவா."

இது மட்டும் எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. அன்றைக்கு அவளுக்கு மீன் குழம்பு ஊற்றிப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து, பெட்டியைக் கவிழ்த்துக் கொக்கி போன ரவிக்கையைத் தேடினேன். எல்லாவற்றிலும் கொக்கி நன்றாகவே இருந்தது. கடைசியில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பல்லால் கடித்து நானே பிய்த்தேன்.